எண் இல்லாத மருந்து
ஈயக்குண்டு, கைத்துப்பாக்கி, அவுட்டுக்காய்: விருதுநகர் மலையடிவாரத்தில் மூன்று சட்டங்கள்

சிவகாசியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். புறப்படும் இடத்தில் முள்வேலிக்குள் தள்ளித் தள்ளிக் கட்டிய பட்டாசு அறைகள். போய்ச் சேரும் இடத்தில், ஊருக்கு மேற்கே நீலமாக எழும் மலைத்தொடர். முதலாவது 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. வழியில் உள்ள கரிசல் காட்டில் யார் வீட்டிலாவது துப்பாக்கி இருந்தால் அதற்கு 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பொறுப்பு. வெடிமருந்துக்கு ஓர் அலுவலகம், துப்பாக்கிக்கு ஓர் அலுவலகம், விலங்குக்கு ஓர் அலுவலகம். இந்த மூன்றுக்கும் நடுவே உள்ள சந்துதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

அந்தச் சந்தினைக் காட்டித் தந்தது கடல் கடந்த ஒரு கேள்வி. ஈயத் தோட்டாவுக்குத் தடை உள்ள ஊரில் வேட்டைக்குப் போகிறவர், தற்காப்புக்கென்று இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா? அதற்குள் ஈயக்குண்டு இருக்கலாமா?

கலிபோர்னியா சொன்ன பதில்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் காண்டோர் என்றொரு பெருங்கழுகு உண்டு. 1982இல் உலகத்தில் அந்த இனத்தில் எஞ்சியிருந்தவை 22 பறவைகள். அவற்றைக் கொன்ற காரணங்களில் பெரியது ஈயம். காண்டோரை யாரும் குறிவைத்துச் சுட வேண்டியதில்லை. மானைச் சுட்டால் போதும். ஈயக்குண்டு எலும்பில் பட்டதும் பொடிப்பொடியாகச் சிதறித் தசைக்குள் பரவுகிறது. வேட்டைக்காரர் குடலை அறுத்துப் போட்டுவிட்டு இறைச்சியைத் தூக்கிக்கொண்டு போகிறார். கழுகு வந்து குடலைத் தின்கிறது. அதன் வயிற்று அமிலத்தில் துணுக்குகள் கரைந்து இரத்தத்தில் சேர்கின்றன.

அங்கே தடை படிப்படியாக வந்தது. 2007இல் இயற்றிய சட்டம் காண்டோர் வாழும் பகுதிகளில் மட்டும் ஈயத் தோட்டாவை விலக்கியது. 2013இல் இன்னொரு சட்டம் வந்தது. 2019 ஜூலை 1 முதல் மாநிலம் முழுவதும் வேட்டைக்கு ஈயம் கூடாது என்றானது. வேட்டைத் துப்பாக்கியில் செம்புக்குண்டு போட்டுக்கொண்டு போகிறவரின் இடுப்பில் ஈயக்குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கி இருந்தால்? அது சொந்தப் பாதுகாப்புக்காக இருக்கும்வரை, விலங்கை வீழ்த்தவோ வீழ்த்த உதவவோ பயன்படாதவரை, தடை அதற்குப் பொருந்தாது என்று விதியே விலக்கு அளித்தது.

ஒரே ஆளிடம் இரண்டு ஆயுதங்கள். ஒன்றில் ஈயம் குற்றம், மற்றொன்றில் குற்றமில்லை. உலோகம் ஒன்றாக இருந்தும் நோக்கத்தை வைத்துச் சட்டம் கோடு போடுகிறது. வேட்டை சட்டப்படி நடக்கிற நாட்டில்தான் இப்படி ஒரு கோடு போட முடியும்.

இங்கே கேள்வியே எழுவதில்லை, ஏன்?

இந்தியாவில் 1972இல் சட்டம் வந்தபோதும் வேட்டை முற்றாக ஒழிந்துவிடவில்லை. சிறு வேட்டை, பெரு வேட்டை என்று உரிமங்கள் இருந்தன. வெடிபொருள், விஷம், கண்ணி ஆகியவற்றால் வேட்டையாடக் கூடாது என்று முறைகளுக்குத்தான் கட்டுப்பாடு. 1991இல் செய்த திருத்தம் உரிம வேட்டையை எடுத்துவிட்டது. முறைகளைப் பற்றிய பிரிவும் அத்தோடு நீங்கியது. வேட்டையே கூடாது என்றான பிறகு எதைக்கொண்டு வேட்டையாடலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை என்பதே அதன் தர்க்கம். எதைக்கொண்டு என்ற கேள்வி சட்டப் புத்தகத்தைவிட்டுப் போனதோடு, குண்டு எதனால் ஆனது என்ற கேள்வியும் பிறக்காமலே போனது.

ஆயுதச் சட்டம் இன்னொரு பக்கம். அதன் 13ஆம் பிரிவில் உழவருக்கென்று ஒரு வாசல் உண்டு. பயிர்ப் பாதுகாப்பு என்ற உண்மையான தேவை இருந்தால், வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். பாதுகாப்புக்கும் விளையாட்டுக்கும் குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத, உள்வரி இல்லாத துப்பாக்கி. இந்த வாசலுக்குள் கைத்துப்பாக்கி நுழையாது. கான்பூர் அரசுத் தொழிற்சாலை செய்யும் .32 ரிவால்வர் ஒன்று வேண்டுமென்றால், உயிருக்கு அச்சம் போன்ற தக்க காரணத்தை உரிமம் வழங்கும் அதிகாரி ஏற்க வேண்டும். "கடலைக் காட்டுக்குப் பன்றி வருகிறது" என்ற காரணத்துக்கு நீளக் குழல் கிடைக்கலாம், இடுப்புத் துப்பாக்கி கிடைக்காது.

மலைக்கு அருகே வந்தால் கட்டுப்பாடு இன்னும் இறுகும். ஸ்ரீவில்லிபுத்தூர் மேற்குத் தொடர்ச்சி மலைச்சரிவு 1988இல் சாம்பல் நிற அணில்களின் சரணாலயமானது. 2021 பிப்ரவரியில் தேனிப் பக்கத்து மேகமலையோடு சேர்த்து, நாட்டின் 51ஆவது புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வன உயிரினச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது என்கிறது. வேட்டையாடினாயா, தற்காப்புக்கா என்றெல்லாம் அது கேட்பதில்லை. ஆயுதம் கையில் இருக்கிறது, கால் சரணாலயத்துக்குள் இருக்கிறது, அது போதும். 34ஆம் பிரிவு காட்டைவிட்டு ஊருக்குள்ளும் வருகிறது. சரணாலயத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் வசிக்கும் துப்பாக்கி உரிமதாரர்கள் வனத்துறையிடம் பெயர் பதிய வேண்டும். அந்த எல்லைக்குள் புதிய உரிமம் வழங்கத் தலைமைக் காப்பாளரின் இசைவு வேண்டும். செண்பகத்தோப்பு, மம்சாபுரம் போன்ற மலையடிவார ஊர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

தற்காப்பைச் சட்டம் மறுக்கவில்லை. விலங்கு பாய்ந்துவரும்போது உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு கொன்றால் அது குற்றமல்ல என்று 11ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அதிலேயே ஒரு கொக்கி உண்டு. தற்காக்க நேர்ந்த அந்தக் கணத்தில் அவர் இதே சட்டத்தின் வேறொரு பிரிவை மீறிக்கொண்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அனுமதியின்றித் துப்பாக்கியோடு சரணாலயத்துக்குள் போனவர் கரடியைச் சுட்டுவிட்டு "உயிருக்குப் பயந்து சுட்டேன்" என்றால், உள்ளே வந்ததே மீறல் என்பதால் அந்த வாதம் படியேறாது. கலிபோர்னியா நோக்கத்தை வைத்துப் போட்ட கோட்டை இங்கே இடத்தை வைத்துப் போட்டிருக்கிறார்கள்.

ஆயுதம் பறிக்கப்பட்ட மண்

இந்தப் பகுதிக்கு ஆயுதத் தடை புதிதல்ல. சேத்தூர், கொல்லங்கொண்டான் என்று இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ள ஊர்கள் ஒரு காலத்தில் பாளையங்கள். பாளையக்காரர் போர்கள் முடிந்த கையோடு, 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். தெற்கத்திப் பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும், ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட வேண்டும். நாடு முழுமைக்குமான ஆயுதச் சட்டத்தை ஆங்கிலேயர் கொண்டுவந்தது 1878இல். அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே இந்தச் சீமை ஆயுதம் களையப்பட்டுவிட்டது.

வேட்டை மட்டும் வேறு உருவங்களில் தங்கியது. பன்றியை மடக்குவதற்குப் பேர்போன ராஜபாளையம் நாய், ஊர் கூடி முயலுக்குப் போகும் வழக்கம், தெய்வமே வேட்டைக்குப் புறப்படும் பாரிவேட்டைத் திருவிழா. அதோடு நாட்டுத் துப்பாக்கி. குழலின் வாய்வழியாகக் கருமருந்தைக் கொட்டி, கந்தல் வைத்துக் கம்பியால் இடித்து, ரவையைப் போட்டு, மறுபடி கந்தல் வைத்து இடிக்கும் துப்பாக்கி. நரிக்குறவர் சமூகத்தின் பறவை வேட்டையோடு அது நெடுங்காலம் பிணைந்திருந்தது.

ரவை என்பது ஈய உருண்டை. ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகிவிடும், வீட்டு அடுப்பே போதும். குண்டுக்கு உலகமெங்கும் ஈயத்தையே பிடித்துக்கொண்டதற்கு அதன் எடையோடு இந்த எளிமையும் காரணம். ஆனால் நாட்டுத் துப்பாக்கி வழக்குகளைப் பற்றிய செய்திகளில் இன்னொரு சொல் அடிக்கடி வரும்: பால்ரஸ் குண்டு. சைக்கிள் சக்கரத்தின் அச்சில் உருளுகிற எஃகு உருண்டை. அமெரிக்கா 1991இல் நீர்ப்பறவை வேட்டைக்கு நாடு முழுவதும் ஈய ரவையைத் தடைசெய்து எஃகு ரவைக்கு மாறியபோது, வேட்டைக்காரர்களைச் சம்மதிக்க வைக்க அரசு பெரும்பாடு பட்டது. நம் ஊரில் எஃகு ரவையை யாரும் பரிந்துரைக்கவில்லை. சைக்கிள் கடையில் கிடைத்ததால் வந்தது. கொல்லப்படும் விலங்குக்கு இதில் ஆறுதல் எதுவும் இல்லை. ஆனால் எஃகு உடலுக்குள் சிதறுவதில்லை, பிணத்தைத் தின்னும் பருந்துக்கும் நரிக்கும் விஷமாவதில்லை.

ஈயம் வெளியேறிய வரிசை

தமிழில் ஈயம் என்ற சொல் இரண்டு உலோகங்களைச் சுமக்கிறது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். குண்டு வார்க்கும் ஈயம் காரீயம். முன்னதில் கைமணம், பின்னதில் நஞ்சு. காரீயத்தில் இவ்வளவு வரை பாதுகாப்பு என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது அதிகமாகத் தாக்குவது வளரும் குழந்தையின் மூளையை.

இந்தியா காரீயத்தை ஒவ்வொரு கதவாகப் பார்த்து வெளியேற்றி வந்திருக்கிறது. பெட்ரோலிலிருந்து அது போனது 2000 பிப்ரவரியில். வீட்டு வண்ணப்பூச்சில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூலை 31 அன்று, பட்டாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்து பொருட்களைப் பட்டாசிலிருந்து விலக்கியது: ஆன்டிமணி, லித்தியம், பாதரசம், ஆர்செனிக், காரீயம். இதைக் கண்காணிக்கும் பொறுப்பை வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறையிடம் ஒப்படைத்தபோது, சிவகாசியைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. 2018 அக்டோபர் 23 தீர்ப்பில் பேரியமும் சரவெடியும் சேர்ந்தன. ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது அதன் பிறகுதான்.

பேரியத்தின் மீதான சண்டை பெரிதாக இருந்ததால் காரீயத்தின் கதை யார் கண்ணிலும் படவில்லை. வானத்தில் பொரிவதுபோல் சடசடவென்று வெடிக்கும் ஃபேன்சி ரகங்களின் மணிகளில் சிவப்பு ஈய ஆக்சைடு சேர்ப்பது பட்டாசுத் தொழிலில் பழைய வழக்கம். அதன் இடத்தில் பிஸ்மத் ஆக்சைடைப் போட்டாலும் அதே சடசடப்பு கிடைக்கும், விலைதான் கூடுதல். மாற்றுப் பொருள் இருந்ததால் காரீயத்தை விடுவது பேரியத்தை விடுவதுபோல் உயிர்ப்பிரச்சினை ஆகவில்லை.

பெட்ரோல், பெயின்ட், பட்டாசு என்று நீளும் இந்த வரிசையில் தோட்டா இல்லை. ஈயத் தோட்டாவைக் குறிப்பாகத் தடைசெய்யும் தேசியச் சட்டம் இந்தியாவில் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரியில் சதுப்பு நிலங்களிலும் அவற்றைச் சுற்றியும் ஈய ரவையைத் தடைசெய்தது. வாத்துகள் அரைவைக் கல் என்று எண்ணி ரவையை விழுங்கிவிடுகின்றன என்பது காரணம். நமக்குப் பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில், வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பட்டாசின் ஓசையிலிருந்து பறவையைக் காக்க ஊரே கட்டுப்படுகிறது. கண்மாய்ச் சேற்றில் கிடக்கும் ரவையைப் பற்றி மட்டும் நம்மிடம் பேச்சே இல்லை. வேட்டை இல்லை, ஆகவே ரவையும் இல்லை என்று காகிதத்தில் முடித்துவிட்டோம்.

துப்பாக்கி இல்லாத வேட்டை

துப்பாக்கியை இவ்வளவு இறுக்கியதன் பலன் என்ன? துப்பாக்கி குறைந்தது. வேட்டை தன் கருவியை மாற்றிக்கொண்டது.

மலையடிவாரத்து உழவர்களிடம் கேட்டால் அவுட்டுக்காய் என்ற பெயரைச் சொல்வார்கள். தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி. பன்றி கடித்தால் வாய் சிதறும். கோவை வனப்பகுதிகளில் இப்படித் தாடை சிதைந்து, தின்னவும் குடிக்கவும் முடியாமல் யானைகள் நாள்கணக்கில் வாடி இறந்திருக்கின்றன. 2020 மே 27 அன்று பாலக்காடு மாவட்டத்து வெள்ளியாற்றில் நின்றபடி ஒரு சினை யானை இறந்தபோது நாடே அதிர்ந்தது. அதன் வாயைக் கிழித்ததும் இதே இனத்து வெடிதான். குண்டு ஒரு குறியை நோக்கிப் போகும். அவுட்டுக்காய்க்குக் குறி கிடையாது. பன்றிக்கு வைத்ததை யானை கடிக்கும், மாடு கடிக்கும், மேய்ச்சலுக்குப் போன சிறுவன் கையில் எடுப்பான்.

ஆயுதச் சட்டம் தேடுவது துப்பாக்கியை. துப்பாக்கிக்கு உரிம எண் உண்டு, பதிவேடு உண்டு, தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் வழக்கமும் உண்டு. மருந்துக்கு எண் கிடையாது. அது எடையால் மட்டுமே அறியப்படுவது. ஒரு பிடி குறைந்தால் எந்தப் பதிவேட்டிலும் இடைவெளி தெரியாது.

வெடிபொருள் விதிகள் மிகக் கண்டிப்பானவைதான். அறைக்கு இத்தனை பேர், ஒரு நேரத்தில் இவ்வளவு மருந்து, அறைக்கும் அறைக்கும் இவ்வளவு தூரம், தீப்பொறி தெறிக்கும் இரும்புக் கருவி கூடாது. ஆனால் அவை அனைத்தும் வேலிக்குள் இருக்கும் தொழிலாளியின் உயிரை எண்ணி எழுதப்பட்டவை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததுபோன்ற நாட்களுக்குப் பிறகு அந்தக் கண்டிப்பு இன்னும் கூடும். உராய்வு ஏற்பட்டதா, அளவுக்கு மீறி இருப்பு வைத்தார்களா என்று பார்ப்பார்கள். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் வீடுகளில் பதுக்கிய கருந்திரி பிடிபடும் செய்தி அடிக்கடி வரும். அங்கும் கேள்வி தீவிபத்தைப் பற்றியதே. காட்டோரத்தில் யானை வாய்க்குள் வெடித்த மருந்து எந்தப் பதிவேட்டில் குறைந்தது என்று பின்னோக்கித் தேடிப் போவது அரிது. ஆலையைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. கல் உடைக்கும் குவாரி, கிணறு வெட்டும் இடம், திருவிழா வாணக்காரர் என்று மருந்து புழங்கும் இடங்கள் பல. எல்லா இடத்துக்கும் பொதுவான குறை ஒன்றே: விபத்து நடந்தால் மருந்துக்குக் கணக்கு கேட்கிறோம், வேட்டை நடந்தால் துப்பாக்கியைத் தேடுகிறோம்.

வன உயிரினச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் வெடிபொருளைப் பயன்படுத்தக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அவுட்டுக்காய் வைக்கப்படுவது பெரும்பாலும் எல்லைக்கு வெளியே, மக்காச்சோளக் காட்டின் வரப்பில். துப்பாக்கியைப் பத்துக் கிலோமீட்டர் துரத்தி வரும் சட்டம், வெடிமருந்தைச் சரணாலய எல்லைக் கல்லோடு விட்டுவிடுகிறது. அந்த எல்லையில் காவல் நிற்பவர்கள் யார்? பெரும்பாலும் தற்காலிகப் பணியில் உள்ள வேட்டைத் தடுப்புக் காவலர்கள். கையில் தடியும் அரிவாளும்தான். கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு உண்மையில் உரியவர்கள் அவர்கள்தான்.

இனி வரும் குண்டு

வேட்டை இல்லை, ஆகவே குண்டைப் பற்றிக் கேள்வி இல்லை என்ற நிலை மாறிவருகிறது. கேரளம் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு வன உயிரினக் காப்பாளரின் அதிகாரத்தை அளித்து, பயிரை அழிக்கும் பன்றியை உரிமத் துப்பாக்கியால் சுட வழிசெய்தது. தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் வேறொரு முறையை எடுத்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். வத்திராயிருப்பு, ராஜபாளையம் பக்கத்து மக்காச்சோளக்காரர்களுக்கு இது பல ஆண்டுக் கோரிக்கையின் விளைவு.

உழவரின் பக்கம் நியாயம் இருக்கிறது. ஓர் இரவில் ஒரு பன்றிக் கூட்டம் உழுது போட்ட காட்டைப் பார்த்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள். சட்டப்படியான துப்பாக்கி வராத இடத்தில்தான் அவுட்டுக்காய் வந்தது என்ற வாதத்திலும் உண்மை உண்டு. வனத்துறையின் துப்பாக்கி முறையாகவும் உடனுக்குடனும் வந்தால், வெடி வைக்கும் கைகளில் சில ஓயக்கூடும். அப்படிப் பார்த்தால் குறிபார்த்த ஒரு குண்டு யானைக்கே பாதுகாப்பு.

ஆனால் சட்டம் அனுமதித்த குண்டு மண்ணில் விழத் தொடங்கும்போது, 1991இல் புத்தகத்தைவிட்டுப் போன கேள்வி திரும்பி வருகிறது: எதைக்கொண்டு? சுட்ட பன்றியை ஆழப் புதைத்தால் ஈயம் மண்ணோடு நிற்கும். அடிபட்டுத் தப்பி, ஓடைக்குள் போய் விழுந்து இறக்கும் பன்றியை யாரும் புதைக்கப் போவதில்லை. அதைத் தின்ன வருவது நரியும் பருந்தும் ஊர் நாயும். பிணம் தின்னும் பறவைக்குப் பின்வாசல் வழியாக நஞ்சு போகும் கதையை இந்தியா ஒரு முறை பார்த்துவிட்டது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி, அந்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடைசெய்தபோது காலம் கடந்திருந்தது. காண்டோர் 22 ஆகக் குறைந்த பிறகுதான் கலிபோர்னியாவுக்கும் புத்தி வந்தது.

இங்கே அந்தத் தாமதத்துக்குக் காரணம் எதுவும் இல்லை. சுடப்போவது ஆயிரக்கணக்கான தனியார் வேட்டைக்காரர்கள் அல்ல, ஒரே அரசுத் துறை. வேட்டைக்காரர் சங்கங்களோடு கலிபோர்னியா ஆண்டுக்கணக்கில் நடத்திய வாதத்தை இங்கே யாரோடும் நடத்த வேண்டியதில்லை. தோட்டா வாங்கும் கோப்பில் ஈயமற்றது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அவுட்டுக்காய்க்கும் அதேபோல் ஒரு வரி வேண்டும். யானை வாயிலிருந்து எடுத்த மருந்தின் மாதிரி, பிரேதப் பரிசோதனை அறிக்கையோடு வெடிபொருள் துறையின் ஆய்வகத்துக்கும் போக வேண்டும். அங்கே அதன் கலவையைப் பிரித்து, எந்த வகைப் புழக்கத்திலிருந்து வந்திருக்கக்கூடும் என்று சொல்லவேண்டும்.

பட்டாசு மருந்தைச் சோதிப்பதற்கென்றே சிவகாசியில் வெடிபொருள் துறையின் ஆய்வு மையம் இருக்கிறது. மலையடிவாரத்திலிருந்து அங்கே மாதிரியைக் கொண்டுசெல்ல டவுன் பஸ் போதும். அந்த இருபது கிலோமீட்டரைக் கடந்து ஒரு கோப்பு போகாவிட்டால், அதற்குத் தூரத்தைக் காரணம் சொல்ல முடியாது.